தூண்டல் மருந்து ஆய்வுகளில் மூளையின் டோபமைனை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின், கோகெய்ன் ஆகிய மூன்றும் மூளையில் டோபமைனைக் கூட்டுகின்றன என்பதைப் பாடநூலில் ஒரே வரியில் படித்துவிடுகிறோம். அந்த ஒரு வரியை நிறுவுவதற்கு எலியின் மூளைக்குள் மயிரிழை அளவுக் குழாய்களை இறக்கியவர்களும், 20 நிமிடத்தில் பாதியாகிவிடும் கதிரியக்க மூலக்கூற்றைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தோடு போட்டியிட்டவர்களும் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். டோபமைன் தனக்கென ஒரு வேலையுடைய நரம்புக் கடத்துபொருள் (நரம்பு செல்களிடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருள்) என்று சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் 1950களின் பிற்பகுதியில் காட்டினார். அதற்காக 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அன்று முதல் இன்று வரை இத்துறையைத் துரத்தும் கேள்வி ஒன்றுதான்: உயிரோடு இருக்கும் மூளையில், மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில், டோபமைன் எவ்வளவு இருக்கிறது?

இந்த வழிகாட்டி நரம்பியல், மருந்தியல் துறைகளில் ஆய்வைத் தொடங்கும் மாணவர்களுக்காகவும், இத்தகைய ஆய்வுக் கட்டுரைகளைக் கவனமாகப் படிக்க விரும்புவோருக்காகவும் எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் மெத்தில்ஃபெனிடேட்டையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். எலியிலும் மனிதரிலும் இவ்வளவு நுணுக்கமாக அளக்கப்பட்ட தூண்டல் மருந்துகள் மிகச் சிலவே.

படி 1: எந்த டோபமைன் என்று முடிவு செய்தல்

கருவியைத் தேர்வதற்கு முன் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். "மருந்து டோபமைனைக் கூட்டுகிறதா?" என்பது இன்னும் ஆய்வுக் கேள்வி ஆகவில்லை. மூளையில் டோபமைன் மூன்று நிலைகளில் இருக்கிறது. பெரும்பகுதி நரம்பு முனைகளுக்குள் சிறு பைகளில் அடைபட்டிருக்கிறது. அதைவிட மிகக் குறைந்த பகுதி செல்களுக்கு வெளியே உள்ள நீர்மத்தில் மிதக்கிறது. அதிலும் ஒரு பகுதி ஏற்பிகளில், அதாவது டோபமைனின் செய்தியைப் பெறும் புரதங்களில், ஒட்டியிருக்கிறது. மூளைத் திசுவை எடுத்து அரைத்து அளந்தால் முதல் நிலைதான் தெரியும். தூண்டல் மருந்துகள் உடனடியாக மாற்றுவதோ இரண்டாம் நிலையை. ஆகவே, திசுவில் டோபமைன் மாறவில்லை என்பதைக் கொண்டு மருந்து ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. இதை இங்கேயே அழுத்திச் சொல்லக் காரணம், திசு அளவையும் செல்லுக்கு வெளியே உள்ள அளவையும் ஒரே பொருளாகப் பேசும் தவறு இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்து, மருந்து எந்த வழியில் வேலை செய்கிறது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். வெளியே வந்த டோபமைனைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதத்தை டோபமைன் கடத்தி என்கிறோம். கோகெய்னும் மெத்தில்ஃபெனிடேட்டும் அந்த வாசலை அடைக்கின்றன; நரம்பு செல் தானாகச் சுடும்போது (மின் துடிப்பை அனுப்பும்போது) வெளியேறும் டோபமைன் வெளியிலேயே தங்கி விடுகிறது. ஆம்ஃபெட்டமின் அதே வாசல் வழியாக உள்ளே நுழைந்து, பைகளில் இருக்கும் டோபமைனைக் கசியவிட்டு, கடத்தியைத் தலைகீழாக ஓட வைக்கிறது. அதற்கு நரம்பு செல் சுட வேண்டிய தேவைகூடப் பெரிதாக இல்லை. இரண்டிலும் டோபமைன் ஏறும். ஆனால் பின்னர் வைக்கப்போகும் கட்டுப்பாட்டுச் சோதனைகள் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன.

மூன்றாவதாக, மூளையின் எந்தப் பகுதி என்பதைச் சொல்ல வேண்டும். மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டத்திலும் அதன் அடிப்பகுதியான நியூக்ளியஸ் அக்கம்பென்ஸிலும் டோபமைன் கடத்தி அடர்த்தியாக இருக்கிறது. முன்நெற்றிப் புறணியில் அது குறைவு. அங்கே டோபமைனைப் பெரும்பாலும் நார்எபிநெஃப்ரின் என்ற இன்னொரு கடத்துபொருளின் கடத்தியே அள்ளிக்கொள்கிறது. மெத்தில்ஃபெனிடேட் இரண்டு கடத்திகளையும் தடுப்பதால், ஒரே மருந்து இரண்டு இடங்களில் இரண்டு வேறு வழிகளில் டோபமைனைக் கூட்டுகிறது.

படி 2: மருந்தின் அளவும் செலுத்தும் வழியும்

ஆய்வு நேர்மையாக அமைகிறதா என்பது பெரும்பாலும் இந்தப் படியில் தீர்ந்துவிடுகிறது. எலியின் வயிற்றறைக்குள் ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் மெத்தில்ஃபெனிடேட்டை ஊசி வழியாகச் செலுத்திவிட்டு, வாய்வழியாகச் சிறு மாத்திரை விழுங்கும் குழந்தையின் மூளையைப் பற்றி முடிவு சொல்வது முறையாகாது. இரத்தத்தில் மருந்து எந்தச் செறிவை எட்டுகிறது என்பதை அளந்து, மனிதரின் சிகிச்சை நிலைக்கு நெருக்கமாக எலியின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குசென்ஸ்கியும் சீகலும் 2002-லும், பெரிட்ஜும் உடன் பணியாற்றியோரும் 2006-லும் வெளியிட்ட எலி ஆய்வுகள் இதைச் செய்தன. சிகிச்சை நிலைக்கு நெருங்கிய குறைந்த அளவுகளில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில் டோபமைன் அதிகம் அசையவில்லை. பெரிட்ஜ் குழுவின் ஆய்வில் முன்நெற்றிப் புறணியில் டோபமைனும் நார்எபிநெஃப்ரினும் தெளிவாக ஏறின. அதிக அளவுகளை மட்டுமே கொடுத்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.

மனிதரைப் பொறுத்தவரை நமக்கு நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் நோரா வோல்கோவின் குழு 1998-இல் வெளியிட்ட பெட் ஸ்கேன் (உடலில் செலுத்திய கதிரியக்க மூலக்கூறு எங்கே சேர்கிறது என்று படமெடுக்கும் முறை) ஆய்வில், வாய்வழி மெத்தில்ஃபெனிடேட் டோபமைன் கடத்தியில் எத்தனை பங்கை அடைக்கிறது என்று அளந்தார்கள். 5 மில்லிகிராமுக்கு 12 சதவீதம், 10-க்கு 40, 20-க்கு 54, 40-க்கு 72, 60-க்கு 74 சதவீதம் என்று சராசரிகள் கிடைத்தன. வளைவு எங்கே தட்டையாகிறது என்று பாருங்கள். 40 மில்லிகிராமிலிருந்து 60-க்குப் போகும்போது அடைப்பு ஏறக்குறைய நகரவே இல்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போனால் விளைவும் அதே விகிதத்தில் கூடும் என்று எண்ணி ஆய்வைத் திட்டமிட்டால் இந்த இடத்தில் சறுக்கும்.

செலுத்தும் வழி இதே அளவுக்கு முக்கியம். சிரை வழியாகச் செலுத்திய மெத்தில்ஃபெனிடேட் சில நிமிடங்களில் மூளையில் உச்சத்தை எட்டுகிறது. வாய்வழியாகச் சென்றால் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகிறது. கடத்தி அடைபடும் அளவு ஒன்றாகவே இருந்தாலும் ஏறும் வேகம் வேறு. சிரை வழியில் உணரப்படும் போதை உணர்வு மாத்திரை வழியில் பொதுவாக வருவதில்லை. ஆகவே குறிப்பேட்டில் மருந்தின் பெயர், அளவு, உப்பு வடிவம், செலுத்திய வழி, செலுத்திய நிமிடம் ஆகிய ஐந்தும் ஒவ்வொரு நாளும் பதிவாக வேண்டும்.

இந்தியாவில் இந்த ஆய்வைச் செய்பவர்கள் இன்னொன்றையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். ஆம்ஃபெட்டமின், மெத்தில்ஃபெனிடேட் ஆகியவை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருகின்றன. மருந்தை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் பெறவும், விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெறவும் மாதக்கணக்கில் ஆகலாம். விலங்குகளை வரவழைப்பதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

படி 3: கருவியைத் தேர்தல்

ஒவ்வொரு கருவியும் டோபமைனின் ஒரு நிழலைத்தான் காட்டுகிறது. நிழல் எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதை அறிந்தே தேர வேண்டும். மூளையில் இறக்கிய சவ்வு வழியாக நீர்மத்தைச் சேகரிக்கும் மைக்ரோடயாலிசிஸ் பத்து, இருபது நிமிடங்களின் சராசரிச் செறிவைத் தருகிறது. மருந்துக்கு முந்தைய அடிப்படை நிலையைச் சொல்ல வல்லது. வேதியியல் அடையாளத்தில் ஐயம் இராது. மின்முனையால் அளக்கும் வேகச் சுழற்சி வோல்டமெட்ரி ஒரு நொடிக்குள் நடக்கும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். ஆனால் அடிப்படை நிலையைக் காட்டாது. ஒளிரும் மரபணு உணரிகள் (மரபணு வழியாகச் செல்களில் உருவாக்கப்பட்டு, டோபமைன் ஒட்டும்போது ஒளிரும் புரதங்கள்) குறிப்பிட்ட செல் வகைகளில் கூட வேலை செய்யும். ஆனால் அவை தருவது ஒளி மாற்றம், செறிவு அல்ல. பெட் ஸ்கேன் மட்டுமே மனிதரில் பழகிப்போன வழியாக இருக்கிறது. அது டோபமைனைத் தொடுவதே இல்லை, டோபமைன் தள்ளிவிட்ட இன்னொரு மூலக்கூற்றை எண்ணுகிறது.

என் கருத்தில், புதிதாகத் தொடங்கும் ஓர் ஆய்வகம் மருந்தின் விளைவு மணிக்கணக்கில் நீள்கிறதா என்று அறிய விரும்பினால் மைக்ரோடயாலிசிஸிலேயே தொடங்க வேண்டும். அது பழையது, மெதுவானது, பொறுமையைச் சோதிப்பது. ஆனாலும் தவறு நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்க இடம் தரும் முறை அது.

படி 4: மைக்ரோடயாலிசிஸ்

எலியின் மண்டையோட்டில் ஒரு வழிகாட்டுக் குழலைப் பொருத்தும் அறுவையை, ஆய்வு நாளுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். இடத்தைக் கண்டறிய பேக்சினோஸ், வாட்சன் இருவரின் எலி மூளை வரைபட நூலே பொதுவான துணை. ஆய்வுக்கு முந்தைய மாலையில் அந்தக் குழல் வழியாக நுண்துளைச் சவ்வுடைய ஆய்வுக் கம்பியை இறக்கி, இரவு முழுவதும் செயற்கை மூளைத்தண்டுவட நீர்மத்தை மெதுவாக ஓடவிட வேண்டும். சவ்வின் நீளம் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதைவிட நீண்டால் பக்கத்துப் பகுதியின் டோபமைனும் சேர்ந்துவிடும். கம்பியை இறக்கிய முதல் சில மணி நேரத்தில் வெளிவருவது காயப்பட்ட திசுவின் டோபமைன். அந்த மாதிரிகளைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

செயற்கை நீர்மத்தின் கால்சியத்தை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். மூளை நீர்மத்தில் உள்ளதைப் போல அது 1.2 மில்லிமோலார் அருகில் இருக்க வேண்டும். பழைய ரிங்கர் கரைசல்கள் சிலவற்றில் கால்சியம் இதைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். அதிகக் கால்சியம் நரம்பு முனைகளிலிருந்து கடத்துபொருளை மிகையாக வெளியேற்றும். மருந்து எதுவும் கொடுக்காமலேயே அடிப்படை நிலை ஏறிவிடும்.

மறுநாள் காலையில் ஓட்டத்தை நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் என்று வைத்து, 20 நிமிடத்துக்கு ஒரு குப்பி வீதம் சேகரிக்கத் தொடங்கலாம். இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கு. கம்பியிலிருந்து குப்பி வரை 50 சென்டிமீட்டர் குழாய் இருக்கிறது என்றும், அதன் உள்விட்டம் 0.12 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 6 மைக்ரோலிட்டர். அதாவது மூளையில் இப்போது நடப்பது குப்பிக்கு வந்து சேர 6 நிமிடம் பிந்தும். ஊசி போட்ட நிமிடத்தையும் குப்பி மாற்றிய நிமிடத்தையும் ஒன்றாகவே எழுதிவைத்தால், மருந்து 6 நிமிடம் தாமதமாக வேலை செய்ததாக வரைபடம் பொய் சொல்லும். முதல் நாளே வண்ணக் கரைசலை ஓட்டிப் பார்த்து இந்தத் தாமதத்தை அளந்துகொள்வது நல்ல பழக்கம்.

ஒரு குப்பியில் கிடைக்கும் டோபமைன் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் இந்த வேலையின் அருமை புரியும். செறிவு 2 நானோமோலார் என்றால், 20 மைக்ரோலிட்டரில் இருப்பது 40 ஃபெம்டோமோல். அவ்வளவு சிறிய அளவு காற்றில் பட்டே ஆக்சிஜனேற்றம் அடைந்து அழிந்துவிடும். ஆகவே குப்பியில் முன்கூட்டியே சிறிது அமிலத்தை இட்டு, குளிரில் வைத்து, தாமதமின்றி கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும், மின்வேதி உணரி பொருத்திய எச்பிஎல்சி கருவிக்கு அனுப்ப வேண்டும். வரும் வரைபடத்தில் டோபாக், எச்விஏ போன்ற சிதைவுப் பொருள்களின் முகடுகள் மலைபோல நிற்கும். டோபமைன் அவற்றின் ஓரத்தில் ஒரு மேடு. அது டோபமைன்தான் என்று உறுதிசெய்ய, அறிந்த அளவு டோபமைனைச் சேர்த்து அதே முகடு உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆம்ஃபெட்டமின் கொடுத்த விலங்கில் டோபமைன் ஏறும்போதே டோபாக் இறங்குவதையும் காணலாம். இரண்டும் ஒரே திசையில் நகரும் என்று எதிர்பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை.

மருந்தைச் செலுத்துவதற்கு முன் அடுத்தடுத்த மூன்று மாதிரிகளாவது ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, ஏறியிறங்கும் அடிப்படையின் மேல் மருந்தைச் செலுத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கணக்கிடும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி வருகின்றன. அடிப்படை மாதிரிகள் 2.1, 2.0, 2.2 நானோமோலார் என்றால் சராசரி 2.1. மருந்துக்குப் பின் 6.3 வந்தால் அது அடிப்படையின் 300 சதவீதம்; உயர்வு 200 சதவீதம். இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதும் கட்டுரைகளை ஒப்பிட்டால் மருந்தின் வலிமை தானாகவே மாறிவிடும். இரண்டாவது, அடிப்படை 0.7 ஆக இருந்த விலங்கில் அதே 4.2 நானோமோலார் உயர்வு 600 சதவீத உயர்வாகத் தோன்றும். எனவே சதவீதத்தோடு செறிவையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. சவ்வு வழியாக வருவது வெளியில் உள்ள டோபமைனின் ஒரு பங்கு மட்டுமே. அந்தப் பங்கு எவ்வளவு என்பது திசு டோபமைனை எவ்வளவு வேகமாக அள்ளிக்கொள்கிறது என்பதைப் பொறுத்தும் மாறுகிறது. கோகெய்ன், மெத்தில்ஃபெனிடேட் போன்றவை அந்த அள்ளுதலையே தடுப்பதால், மருந்து கொடுத்தபின் அளவுகோலே மாறிவிடுகிறது. இதைத் தாண்டுவதற்கு நிகர ஓட்டச் சுழி முறை (no-net-flux) உதவுகிறது. ஓடும் நீர்மத்தில் 0, 2.5, 5, 10, 20 நானோமோலார் என டோபமைனைக் கலந்து அனுப்பி, உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் இடையிலான வேறுபாட்டை வரைய வேண்டும். அந்தக் கோடு சுழியைத் தொடும் செறிவே வெளியில் உள்ள உண்மையான செறிவு. கோட்டின் சாய்வு அள்ளுதலின் தடத்தைச் சொல்கிறது. நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் மருந்தின் விளைவு வெளியீட்டிலா மீள் உறிஞ்சுதலிலா என்று வாதிட விரும்புவோர் இதைத் தவிர்க்க முடியாது.

இறுதியாக, மூளையை வெட்டிப் பார்க்க வேண்டும். நான் பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில், மருந்துக்கு டோபமைன் அளவு அசையவே அசையாத ஒரு விலங்கை வைத்து நாங்கள் இரண்டு வாரம் விளக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தோம். திசுத் துண்டைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தபோது கம்பியின் தடம் பக்கவாட்டு மூளையறைக்குள் நின்றது. நாங்கள் அளந்துகொண்டிருந்தது மூளைத்தண்டுவட நீர்மத்தை. முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே கம்பியின் இடத்தைச் சரிபார்த்து, எந்த விலங்கை விலக்குவது என்று முடிவெடுத்துவிட வேண்டும் என்பதை அன்றிலிருந்து விடாமல் பின்பற்றுகிறேன்.

படி 5: நொடிக்கணக்கில் நடப்பதை அறிய

மருந்து கொடுத்த விலங்கு ஒரு விசையை அழுத்தும் கணத்தில் டோபமைன் எப்படித் துள்ளுகிறது என்று கேட்டால் மைக்ரோடயாலிசிஸால் பதில் சொல்ல முடியாது. வேகச் சுழற்சி வோல்டமெட்ரியில், 7 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கரிம இழையைத் திசுவில் வைத்து, மின்னழுத்தத்தை –0.4 வோல்ட்டிலிருந்து +1.3 வோல்ட் வரை உயர்த்தி மீண்டும் இறக்குகிறார்கள். நொடிக்கு 400 வோல்ட் வேகத்தில் நடக்கும் இந்தச் சுழற்சி 10 மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. நொடிக்குப் பத்து முறை இது நிகழ்கிறது. டோபமைன் ஏறத்தாழ +0.6 வோல்ட்டில் எலக்ட்ரானை இழந்து, –0.2 வோல்ட் அருகே திரும்பப் பெறுகிறது. இந்த இரண்டு மின்னோட்ட முகடுகளும் சேர்ந்ததே அதன் கைரேகை. ரால்ஃப் ஆடம்ஸ் மூளைக்குள் மின்முனை வைக்கும் முயற்சியைத் தொடங்கினார். மார்க் வைட்மனின் குழு இந்த முறையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது.

பின்னணி மின்னோட்டத்தைக் கழித்துத்தான் சமிக்ஞை கிடைக்கிறது. ஆகவே வோல்டமெட்ரியில் "அடிப்படை டோபமைன்" என்று எதையும் எழுதக் கூடாது. திசுவின் அமிலத்தன்மை மாறினாலும் மின்னோட்டம் மாறும் என்பதால், நேரத்தோடு மாறும் ஒரு கோட்டை மட்டும் காட்டாமல் முழு வோல்டமோகிராமையும் (மின்னழுத்தத்தோடு மின்னோட்டம் மாறும் வரைபடத்தையும்) காட்ட வேண்டும்.

2018-இல் வெளியான டிலைட், கிராப்-டிஏ ஆகிய ஒளிரும் உணரிகள் இந்தத் துறையை விரைவாக மாற்றின. அவற்றைத் தூண்டல் மருந்தோடு பயன்படுத்துவோர் மூன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து விலங்கை ஓட வைக்கும். அசைவே ஒளியை ஆட்டும். எனவே 405 நானோமீட்டர் அருகிலுள்ள கட்டுப்பாட்டு ஒளியையும் கூடவே பதிய வேண்டும். மருந்து இரத்த நாளங்களைச் சுருக்கும். இரத்தம் ஒளியை உறிஞ்சும் அளவும் அதோடு மாறும். மேலும் கிராப்-டிஏ உணரி டோபமைனின் டி2 ஏற்பியிலிருந்தும் டிலைட் உணரி டி1 ஏற்பியிலிருந்தும் உருவாக்கப்பட்டவை. ஆகவே அந்தந்த ஏற்பியைத் தடுக்கும் மருந்தை விலங்குக்குக் கொடுத்தால் உணரியே குருடாகிவிடும். டோபமைன் இறங்கியதாகத் தவறாகப் படித்துவிடுவோம்.

படி 6: மனித மூளையில் பெட் ஸ்கேன்

மனிதருக்குள் கம்பியை இறக்க முடியாது. அதற்கு மாற்றாக, டோபமைனின் டி2, டி3 ஏற்பிகளில் ஒட்டும் ராக்லோப்ரைடு என்ற மூலக்கூற்றில் கார்பன்-11-ஐப் பொருத்திச் சிறிதளவு செலுத்துகிறார்கள். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் ஃபார்டேயின் குழு 1980களின் நடுவில் இதை மனிதரில் காட்டியது. அடிப்படை எண்ணம் எளியது. பேருந்தில் இருக்கைகள் குறிப்பிட்ட எண்ணிக்கைதான்; மருந்தினால் டோபமைன் பெருகி இருக்கைகளைப் பிடித்துக்கொண்டால், பின்னால் ஏறும் ராக்லோப்ரைடுக்கு இடம் குறையும். ஒளிப்படத்தில் ஸ்ட்ரையேட்டம் மங்கும். அந்த மங்கலின் அளவே நாம் படிக்கும் எண்.

கார்பன்-11-இன் அரை ஆயுள் 20.4 நிமிடம். கார்பன்-11-ஐ உருவாக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இல்லாத மருத்துவமனையில் இந்த ஆய்வைத் திட்டமிடவே கூடாது. இரண்டு மணி நேரத்தில் தொடக்கக் கதிரியக்கத்தில் அறுபதில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பது ஒரு விதத்தில் நன்மை. ஒரே நாளில் ஒருவருக்கு இரண்டு ஸ்கேன்கள் செய்ய அது இடம் தருகிறது.

ஆய்வு நாளை இப்படி அமைக்கலாம். பங்கேற்பவர் முந்தைய நாளிலிருந்தே காபி, தேநீர், புகையிலை, மது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். 300 மில்லிகிராம் காஃபீன்கூட ஸ்ட்ரையேட்டத்தில் ராக்லோப்ரைடு பிணைப்பை மாற்றுவதாக வோல்கோவின் குழு 2015-இல் காட்டியது. காலையில் இரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, இசிஜி, சிறுநீரில் போதைப்பொருள் சோதனை, பெண்களுக்குக் கர்ப்பச் சோதனை ஆகியவை முடிய வேண்டும். ஒரு நாள் ஸ்கேனில் வெற்று மாத்திரை, இன்னொரு நாள் ஸ்கேனில் மெத்தில்ஃபெனிடேட். எது எப்போது என்று பங்கேற்பவருக்குத் தெரியக் கூடாது. மாத்திரை விழுங்கி 60 நிமிடம் கழித்து ராக்லோப்ரைடைச் செலுத்தி, ஏறத்தாழ 60 நிமிடம் படம் எடுக்க வேண்டும். இடையிடையே இரத்தம் எடுத்து மருந்தின் செறிவை அளக்க வேண்டும். "எப்படி உணர்கிறீர்கள், படபடப்பு உண்டா, மருந்தின் விளைவு தெரிகிறதா" என்று 0 முதல் 10 வரையிலான அளவில் கேட்டுப் பதிய வேண்டும். மூளையின் எண் எதைக் குறிக்கிறது என்பதற்கு அந்தப் பதில்களே சாட்சி.

தலை அசைவை எளிதாக நினைத்துவிடக் கூடாது. ஸ்ட்ரையேட்டம் சிறிய பகுதி. சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே அதன் சமிக்ஞை பக்கத்துத் திசுவோடு கலந்துவிடும். தூண்டல் மருந்து உட்கொண்டவர் வெற்று மாத்திரை உட்கொண்டவரைவிட அமைதியற்று இருப்பார் என்பதால், இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிறது.

படி 7: பிணைப்புத் திறனைக் கணக்கிடுதல்

டி2 ஏற்பிகள் மிகக் குறைவாக உள்ள சிறுமூளையை ஒப்பீட்டுப் பகுதியாக வைத்து, லாமெர்ட்ஸ்மாவும் ஹ்யூமும் 1996-இல் வெளியிட்ட எளிய ஒப்பீட்டுத் திசு மாதிரியால் ஸ்ட்ரையேட்டத்தின் பிணைப்புத் திறனை, அதாவது ராக்லோப்ரைடு அங்குள்ள ஏற்பிகளில் எவ்வளவு ஒட்டுகிறது என்ற அளவை, கணக்கிடுவது வழக்கம். தமனியிலிருந்து இரத்தம் எடுக்க வேண்டியதில்லை என்பதால் பங்கேற்பவருக்கும் இது எளிது.

வெற்று மாத்திரை நாளில் 2.8, மருந்து நாளில் 2.3 என்று வந்தால், மாற்றம் ஏறத்தாழ 18 சதவீதக் குறைவு. வோல்கோவின் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 11 நலமான ஆண்களுக்கு 60 மில்லிகிராம் வாய்வழி மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தபோது சராசரியாக 20 சதவீதக் குறைவு கிடைத்தது. ஆனால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே வேறுபாடு பெரிதாக இருந்தது. மருந்தே இல்லாமல் ஒருவரை இரண்டு முறை படமெடுத்தாலும் 5 முதல் 10 சதவீதம் வேறுபடக்கூடும் என்பதால், சிறிய மாற்றங்களைக் கொண்டு தனி ஒருவரைப் பற்றி முடிவு சொல்லக் கூடாது. குழுவின் சராசரியைப் பற்றி மட்டும் பேசுவதே பாதுகாப்பானது.

18 சதவீதக் குறைவு என்றால் டோபமைன் 18 சதவீதம் கூடியது என்று பொருளல்ல. குரங்குகளில் மைக்ரோடயாலிசிஸையும் படமெடுப்பையும் இணைத்துச் செய்த ஆய்வுகள், வெளியே உள்ள டோபமைன் பல மடங்கு ஏறினாலும் பிணைப்பு பத்து, இருபது சதவீதம் மட்டுமே குறைகிறது என்பதைக் காட்டின. மேலும் ஆம்ஃபெட்டமின் கொடுத்தபின் டோபமைன் இறங்கியும் ராக்லோப்ரைடு பிணைப்பு மணிக்கணக்கில் குறைந்தே இருக்கும். ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுவதே இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். அந்த நேரத்தில் நாம் படிப்பது ஏற்பியின் இடமாற்றத்தையே. முன்நெற்றிப் புறணியில் ராக்லோப்ரைடு மிகக் குறைவாகவே ஒட்டும். அங்கே ஃபுளோரின்-18 ஃபாலிப்ரைடு போன்ற வலுவாக ஒட்டும் மூலக்கூறுகளை நாட வேண்டும்.

படி 8: கட்டுப்பாட்டுச் சோதனைகள்

விலங்கு ஆய்வில் டெட்ரோடோடாக்சினைக் கம்பி வழியாக அனுப்பினால் நரம்பு செல்களின் சுடுதல் அவ்விடத்தில் நிற்கும். அடிப்படை டோபமைன் பெருமளவு வீழ்ந்தால், நாம் அளந்தது நரம்பிலிருந்து வந்ததே என்று தெரியும். மெத்தில்ஃபெனிடேட்டின் விளைவும் அதோடு வீழ வேண்டும். ஆம்ஃபெட்டமினின் விளைவு பெரும்பாலும் வீழாது. படி 1-இல் எழுதிவைத்த வழிமுறை வேறுபாடு இங்கே எண்ணாக வெளிப்படும்.

மனித ஆய்வில் எதிர்பார்ப்பைக் கட்டுப்படுத்துவதே கடினம். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வெற்று ஊசி போட்டபோதுகூட ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் வெளிவந்ததை 2001-இல் இதே ராக்லோப்ரைடு முறையால் காட்டினார்கள். எனவே வெற்று மாத்திரை நாளையும் மருந்து நாளையும் வரிசை மாற்றி அமைப்பதை ஒரு சடங்காகக் கருதக் கூடாது; ஸ்கேன் முடிந்தபின், எந்த நாள் மருந்து என்று நினைத்தீர்கள் என்று பங்கேற்பவரிடம் கேட்டு, அந்தப் பதிலையும் பகுப்பாய்வில் சேர்க்க வேண்டும்.

படி 9: முடிவை எழுதுதல்

1997-இல் வோல்கோவின் குழு, கோகெய்னை விட்டுவிட்டவர்களுக்குச் சிரை வழியாக மெத்தில்ஃபெனிடேட் செலுத்தி, ஒப்பீட்டுக் குழுவைவிட அவர்களிடம் ஸ்ட்ரையேட்டத்தில் ராக்லோப்ரைடு பிணைப்புக் குறைவது சிறிதாகவே இருந்ததைக் கண்டது. நரம்பு முனைகள் குறைவான டோபமைனை வெளியிட்டன என்பது ஒரு வாசிப்பு. டோபமைன் வந்தும் ஏற்பிகள் குறைந்துவிட்டதால், அல்லது ஏற்பிகள் அதைப் பிடிக்கும் வலு தளர்ந்துவிட்டதால், ராக்லோப்ரைடை விலக்க முடியவில்லை என்பதும் அதே எண்ணுக்குப் பொருந்தும் வாசிப்பே. ஒரே ஒரு ஸ்கேனால் இவற்றைப் பிரித்தறிய இயலாது. டோபமைனைத் தற்காலிகமாகக் குறைக்கும் மருந்தைக் கொடுத்து எத்தனை ஏற்பிகள் திறக்கின்றன என்று பார்க்கும் இன்னொரு ஸ்கேனோ, கடத்தியைத் தனியாக அளக்கும் இன்னொரு மூலக்கூறோ துணைக்கு வேண்டும்.

ஆகவே கட்டுரையின் முடிவுப் பகுதியில் "மருந்து டோபமைனை 18 சதவீதம் கூட்டியது" என்று எழுதாமல், "60 மில்லிகிராம் வாய்வழி மெத்தில்ஃபெனிடேட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துச் செலுத்திய ராக்லோப்ரைடின் பிணைப்புத் திறன், வெற்று மாத்திரை நாளோடு ஒப்பிட, ஸ்ட்ரையேட்டத்தில் சராசரியாக 18 சதவீதம் குறைந்தது, இது செல்லுக்கு வெளியே டோபமைன் உயர்ந்ததோடு ஒத்துப்போகிறது" என்று எழுத வேண்டும்.